மிஸ்ஃபயர்: ஸ்கேனரா, காயில் மாற்றிப் பார்ப்பதா?

பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் அழுத்தாமல் ஓடும்போது) குலுங்குகிறது. மிஸ்ஃபயராக இருக்கலாம், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. வண்டியின் எரர் கோட் படிக்கும் ஸ்கேனர் வாங்குவதா, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதா?

செலவு: ஸ்கேனருக்குக் காசு வேண்டும். காயிலுக்கு ஸ்பேனர் செட் போதும்.

வேகம்: ஸ்கேனர் சட்டென்று பி0302 என்று எரர் கோட் காட்டும், அதாவது 2-வது சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் இல்லை, வேக்குவம் லீக் (எஞ்சினுக்குள் தவறான வழியில் காற்று புகுவது), பெட்ரோல் அழுத்தம் பக்கம் போக வேண்டியதுதான்.

துல்லியம்: இங்கேதான் ஸ்கேனர் சறுக்கும், எந்த சிலிண்டர் என்று சொல்லுமே தவிர காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. 2-ன் காயிலை 3-க்கு மாற்றி, எரர் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான். கோட் 3-க்கு நகரவில்லையா, பிளக்கை மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பாருங்கள்.

தானே வேலை பார்ப்பவருக்கு இரண்டும் வேண்டும். எப்போதாவது வரும் கோளாறு என்றால் எரர் கோட் எண்ணை மட்டும் மெக்கானிக்கிடம் படிக்கச் சொல்லிவிட்டு மீதியை நீங்களே பார்க்கலாம். செக் எஞ்சின் விளக்கு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும்.