புகை ரெஸ்ற்றுக்கு முன் 'ரியூனிங்': பழைய மோட்டார் சைக்கிளுக்குக் காசு பிரயோசனமா?

வவுனியாவில் இருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரக் கராஜ்களில் "புகைக்கு ரியூன் பண்ணித் தாறம்" என்ற சேவை தாராளமாகக் கிடைக்கும். புகை ரெஸ்ற்றில் பாஸானால்தான் வண்டிக்கு வருட லைசன் கிடைக்கும் என்பதால், அது முடிகிற கிழமையில்தான் ஆட்கள் அதைத் தேடிப் போவார்கள். ஸ்பிளெண்டர், சீ.ரீ.100, எம்.டி.90 என்று பத்து இருபது வருடம் ஓடின வண்டிகளுக்கு இந்தப் பெயரில் இரண்டு வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரில் ஒரு ஸ்குரூவைத் திருப்பிவிடுவது, ஐந்து நிமிடம். மற்றது, எயார் பில்ட்டர், பிளக், டப்பட் (வால்வ் இடைவெளி), காபரேட்டர் நான்கையும் கழற்றிப் பார்ப்பது, அரைநாள் போகும். முதலாவதற்குக் கொடுக்கிற காசு வீண். இரண்டாவது கொடுத்த காசுக்கு மேலேயே தரும்.

புகை ரெஸ்ற்றில் சைலன்சருக்குள் குழாயை விட்டு, எஞ்சின் ஸ்லோவில் (ஆக்சில் கொடுக்காமல்) ஓடும்போது காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். முதலாவது கூடினால் பெற்றோல் கூடப் போகிறது. இரண்டாவது கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியே வருகிறது, அல்லது ஒயில் எரிகிறது. பெயில் ஆன துண்டில் எது கூடியிருக்கிறது என்று பார்க்காமல் ஸ்பானரை எடுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

வன்னியில் முதல் சந்தேகம் எயார் பில்ட்டரில்தான் விழவேண்டும். கிரவல் ரோட்டிலும் குளக்கட்டிலும் ஓடுகிற வண்டிக்குக் கம்பனிப் புத்தகத்தில் உள்ள கிலோமீற்றர் கணக்குச் சரிவராது. கோடையில் அதில் பாதித் தூரத்திலேயே செம்மண் அடைத்துவிடும். காற்றுக் குறைந்தால் பெற்றோல் கூடும், அவ்வளவுதான். ஸ்பொஞ்ச் பில்ட்டர் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் அமத்திப் பிழிந்து, காய்ந்த பிறகு எஞ்சின் ஒயில் கொஞ்சம் பூசி, மிச்சத்தைப் பிழிந்துவிட்டுப் போடவேண்டும். ஒயில் பூசாமல் போட்டால் தூசி நேரே சிலிண்டருக்குள் போகும். ஒயில் ஊறின கடதாசி பில்ட்டரைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கராஜில் அதை எயாரால் ஊதித் திருப்பிப் போட்டால், அந்த இடத்திலேயே அவர்களுக்குப் பாதிப் புள்ளி போய்விடுகிறது.

பில்ட்டர் சுத்தமாக இருந்தும் காபன் மொனொக்சைட் கூடினால் சோக் முழுதாகத் திறக்கிறதா, காபரேட்டருக்குள் பெற்றோல் வரத்தை அடைக்கும் புளோட் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நிற்கும்போது காபரேட்டரில் இருந்து பெற்றோல் சொட்டினால் பெரும்பாலும் அந்த ஊசிதான்.

இனி அந்தப் பேர்போன ஸ்குரூ. அது பில்ட்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்தும்: வெளியே திருப்பப் பெற்றோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் தலைகீழ்: உள்ளே திருப்பத்தான் குறையும். இந்த வித்தியாசம் தெரியாமலே திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக முட்டும்வரை உள்ளே விட்டு, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்லோ கூடுகிற இடத்தைப் பிடித்து, பிறகு ஸ்லோவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்றில் வைப்பதுதான் முறை. அளவுக்கு மீறிக் குறைத்தால் எஞ்சின் விட்டுவிட்டு வெடித்து ஐதரோகாபன் ஏறும். ஒன்றை இறக்கப்போய் மற்றதில் பெயில். பிஸ்டன் எரிந்துவிடும் என்று சிலர் பயப்படுத்துவார்கள். அது மிகை: முறுக்கி ஓடும்போது பெற்றோல் கொடுப்பது மெயின் ஜெற், இந்த ஸ்குரூ அல்ல. காலையில் கிக்கர் அடித்துக் கால் நோவதும், ஆக்சிலை விட்டவுடன் சைலன்சர் படபடப்பதும்தான் மிஞ்சும்.

நீலப் புகைக்கு எந்த ரியூனிங்கும் மருந்தல்ல. காலையில் ஸ்ராட் பண்ணும்போது மட்டும் வந்து நின்றால் வால்வ் சீல், சின்னச் செலவு. முறுக்க முறுக்க வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங். நிச்சயப்படுத்த, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) அளந்து, பிளக் ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதல் அளவு குறைவாக இருந்து, ஒயில் விட்டதும் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் சரியாக மூடுவதில்லை. கேஜ் இல்லாத கராஜில் "போர் அடிக்கவேணும்" (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கவேணும்) என்று சொன்னால் இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

பெரிய குறை, இந்தச் சேவை புகையோடு நின்றுவிடுவது. லொறி, பஸ்ஸுக்கு உள்ள தகுதிச் சான்றிதழ்ப் பரிசோதனை சொந்தப் பாவனை மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஆகவே பிரேக்கையும், ஹாண்டில் திரும்பும் குண்டுகள் உள்ள கோன் செட்டையும் யாரும் பார்க்காமலே லைசன் கிடைக்கும். வண்டி கராஜில் அரைநாள் நிற்கிறபோதே இவற்றையும் கேட்டு வாங்குங்கள். நடு ஸ்ராண்டில் விட்டு முன் ரயரைத் தூக்கி, போர்க்கின் அடியைப் பிடித்து முன்பின் ஆட்டினால் தட்டுகிறதா? ஹாண்டில் நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நிற்கிறதா? கோன் செட் போய்விட்டது. குண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. பின் சில்லைப் பக்கவாட்டில் ஆட்டும்போது சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆம் சேர்ந்து அசைந்தால் அதன் புஷ் தேய்ந்துவிட்டது. செயினின் கீழ்ப்பக்க நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் தொய்வு இருக்கலாம். சில்லைச் சுற்றச் சுற்ற அது கூடிக் குறைந்தால் இறுக்கிப் பயனில்லை, ஸ்புறொக்கட்டோடு செற்றாக மாற்றவேண்டும்.

பிரேக்கில் ஒரு தில்லுமுல்லு உண்டு. டிரம்முக்குள் உள்ள பிரேக் சூ தேய்ந்து நட்டில் இறுக்க இடமில்லாமல் போனதும், வெளியே உள்ள பிரேக் ஆம் என்ற நெம்பைக் கழற்றி ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். மிதி இறுக்கமாக வரும். சூ 2 மில்லிமீற்றருக்குக் கீழேதான் இருக்கும். வண்டியை எடுக்கும்போது மிதியை அமத்திப் பாருங்கள்: ஆமும் கம்பியும் 90 பாகையைத் தாண்டி விரிந்தால் டிரம்மைத் திறக்கச் சொல்லவேண்டும். 110 மில்லிமீற்றர் டிரம் 111 ஆகியிருந்தால் புதுச் சூ போட்டும் சரிவராது.