சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகப் பறப்பதா, இறங்கி ஏறுவதா?

உலக உருண்டையில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும்; இரண்டு ஊர்களும் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. நூலின் நீளம் சுமார் 15,300 கி.மீ. டிக்கெட் தேடும்போது நாம் பார்க்கும் தூரம் அதுதான். விமானமோ பெரும்பாலும் பசிபிக் மேலாகச் சுற்றிப் போகிறது. மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், கிலோமீட்டர் கூடினாலும் நேரம் குறைகிறது. தூரத்தை மட்டும் பார்த்து வழியை முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரடி விமானத்துக்கு ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென ஓட்டும், மிக நீண்ட தூரம் பறக்கவென்றே அமைத்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆரில் 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. அத்தனை மணி நேரத்துக்கான எரிபொருளையும் கிளம்பும்போதே சுமக்க வேண்டும். அதைச் சுமக்கவே தனியாக எரிபொருள் எரியும். 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500-ஐ வைத்து, நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கிய நேரடி சேவை 2013-இல் நின்றதற்கும் எரிபொருள் செலவே முக்கியக் காரணம். இரண்டு எஞ்சின் யுஎல்ஆர் வந்தபின் 2018-இல்தான் அது மீண்டும் தொடங்கியது.

பிராங்க்பர்ட் வழியாகப் போனால் மொத்தம் சுமார் 16,500 கி.மீ. கூடுதல் தூரம் 1,200 கி.மீ. தான், ஒன்றரை மணி நேரப் பறப்பு. ஆனால் பயணம் 24 மணி நேரத்தைத் தொடுகிறது. இறங்கிக் காத்திருப்பது ஒரு பங்கு. அட்லாண்டிக் மேலே எதிர்க்காற்று இன்னொரு பங்கு.

டோக்கியோ வழி சுமார் 16,200 கி.மீ. டோக்கியோவுக்கு 7 மணி, அங்கிருந்து 13 மணிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணி காத்திருந்தாலும் 22-க்குள் முடிந்துவிடும், காற்றும் நம் பக்கம். திரும்பும்போது இதே வழியில் வந்தால் காற்று எதிரியாகிவிடும்; பிராங்க்பர்ட் வழிதான் அப்போது கைகொடுக்கும். நியூயார்க்கிலிருந்து அங்கே ஏழரை மணி, பிறகு பன்னிரண்டரை மணி.

எகானமியில் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுவே: போகும்போது டோக்கியோ, வரும்போது பிராங்க்பர்ட். எப்போதும் கிழக்கு நோக்கியே பறந்து பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். கோடையில் 12, குளிர்காலத்தில் 13 மணி நேர வித்தியாசம் என்பதால், எந்தத் திசையில் போனாலும் உடம்புக்குப் பகல் இரவு தலைகீழ்தான்.

கால் வீங்கும் பெரியவர்கள் கூட வந்தால் நடுவில் இறங்கி நடப்பது நல்லது. கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் எழுப்பி இறக்க வேண்டாம் என்றால், வசதியிருந்தால் நேரடி விமானமே மேல். நடுவில் மாறுகிறவர்கள் இரண்டு பகுதிகளையும் ஒரே டிக்கெட்டில் வாங்குங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துடையது.