யாழ்ப்பாண வெயிலில் 1.4 வோல்ட்: ரேம் ஓவர்கிளாக், நீண்டகால அனுபவம்

2020 முதல் என் வீட்டுக் கணினியில் ரேம் 1.4 வோல்டில் ஓடுகிறது. ரைசன் 5 3600 புரொசசர், 16 ஜிபி டிடிஆர்4 தொகுதிகள் இரண்டு, உள்ளே மைக்ரான் நிறுவனத்தின் ரெவ்-ஈ வகைச் சிப்புகள். பெட்டியில் 3200 வேகம், 1.35 வோல்ட் என்று போட்டிருந்தது. நான் அதைத் தாண்டி 3600 வேகத்தில் (இதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம்), சிஎல் 16இல் (சிஎல் என்பது தரவு வரக் காத்திருக்கும் சுற்றுகள்) வைத்திருக்கிறேன். வேலை கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட்டிங். இந்த வேலையில் ரேம் பிழை என்பது சின்ன விஷயமில்லை. ஒரு பிட் பிசகினாலும் கோப்பு பழுதாகலாம், தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க ஏலாது. அதனால் எத்தனை வோல்ட் பாதுகாப்பு என்ற கேள்வியை நான் எப்போதும் இலேசாக எடுத்ததில்லை.

முதலில் எல்லாரும் கேட்கும் எண்கள். ரேம் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு டிடிஆர்4க்குச் சொல்லும் இயக்க மின்னழுத்தம் 1.2 வோல்ட். அதே தரநிலையில் தாண்டக்கூடாத உச்ச எல்லையாக இருப்பது 1.5 வோல்ட். அதைத் தாண்டினால் நிரந்தரச் சேதம் வரலாம் என்பதுதான் அந்த எல்லையின் பொருள், 1.5 வரை வசதியாக ஓட்டலாம் என்று அது சொல்லவில்லை. எக்ஸ்எம்பி (தயாரிப்பாளர் தொகுதியிலேயே பதிந்துவைத்த வேக அமைப்பு) உள்ள தொகுதிகள் பெரும்பாலும் 1.35இல் வரும். சாம்சங் பி-டை சிப் போட்ட விலை கூடிய சில தொகுதிகள் 1.5 வோல்டிலேயே உத்தரவாதத்தோடு விற்கப்பட்டன. ஆகவே 1.4, 1.45 என்பதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. என்னுடைய தொகுதி இத்தனை கோடைகளைக் கடந்தும், வாங்கிய புதிதில் எந்த வோல்டில் சோதனை தேறியதோ அதே வோல்டில்தான் இன்றும் தேறுகிறது. சிப் தேய்ந்திருந்தால் அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்ட் கேட்டிருக்கும். இதுவரை கேட்கவில்லை.

ஆனால் குளிர்நாட்டில் இருப்பவர் சொல்லும் எண்ணை இங்கே அப்படியே எடுத்துப் போட முடியாது. அவருடைய அறை 20 பாகை. எங்களுடைய அறை வைகாசி மத்தியானத்தில் 33 பாகை, சிலநாள் அதற்கும் மேல். ஏசி இல்லாத வீட்டில் கணினி அந்தச் சூட்டில் இருந்துதான் தொடங்குகிறது.

ரேமின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நுண்ணிய மின்தேக்கி இருக்கிறது. அதில் உள்ள மின்னேற்றம் சும்மா இருந்தாலே கசியும், சூடு கூடினால் இன்னும் வேகமாகக் கசியும். அது முழுவதும் கசிவதற்குள் ரேம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்4 தரநிலையில் 85 பாகை வரை புதுப்பித்தலின் இடைவெளி 7.8 மைக்ரோ செக்கன், 85க்கும் 95க்கும் இடையில் அது பாதியாகி 3.9. அதாவது தரநிலை வேகத்தில் ஓடும் ரேமுக்கு 60 பாகை ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் ஓவர்கிளாக் செய்து டைமிங்கை (ரேமின் காத்திருப்பு நேரங்களை) இறுக்கும்போது அந்தத் தாராளத்தைத்தான் சாப்பிட்டுவிடுகிறோம். அப்புறம் 50 பாகையிலேயே பிழை வரத் தொடங்கலாம். இன்டெல் மதர்போர்டில் டிரெஃபை என்ற அளவைக் கூட்டி, புதுப்பித்தலைத் தள்ளிப் போடுபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

இதில் வோல்ட் எங்கே வருகிறது? வேகம் மாறாமல் இருந்தால் சிப் எரிக்கும் மின்திறன் ஏறத்தாழ வோல்டின் வர்க்கத்தோடு கூடும். 1.35இலிருந்து 1.5க்குப் போவது பார்வைக்கு 11 சதவீதம். சூடாகப் பார்த்தால் 23 சதவீதம். சிப் கருகுவதற்கு முன்பே அந்தச் சூடு பிழையைக் கொண்டுவந்துவிடும்.

சுன்னாகத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரின் கணினியில் இதை நேரிலேயே பார்த்தேன். பி-டை தொகுதி, 1.5 வோல்ட், சிஎல் 14, டிஆர்எஃப்சி (ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒதுக்கும் நேரம்) நன்றாக இறுக்கியது. இரவில் எந்தச் சோதனையும் தேறும். பகலில் ஏற்றுமதி செய்யும்போது மென்பொருள் திடீரென்று மூடிக்கொள்ளும். அவர் வோல்ட் போதவில்லை என்று நினைத்து 1.52க்கு ஏற்றப் பார்த்தார். "அண்ணை, ஏத்தாதேங்கோ, இறக்கிப் பாருங்கோ" என்றேன். 1.45க்கு இறக்கி, டிஆர்எஃப்சியைக் கொஞ்சம் தளர்த்தி, ரேமுக்கு நேரே ஒரு சின்ன ஃபேன் வைத்தோம். பிரச்சினை போய்விட்டது. வேகத்தில் அவருக்கு வித்தியாசம் தெரியவே இல்லை.

எந்தச் சிப் என்று தெரியாமல் வோல்டைத் தொடவே கூடாது. பி-டை வோல்டைக் கொடுக்கக் கொடுக்க ஏறத்தாழ எல்லா டைமிங்கிலும் இறுகும். மைக்ரான் ரெவ்-ஈயில் சிஎல் மட்டும் இறங்கும். டிஆர்சிடியும் (ரேமின் ஒரு வரிசையைத் திறக்கும் காத்திருப்பு) டிஆர்எஃப்சியும் வோல்டுக்கு அசையாது. அதனால்தான் நான் 1.4க்கு மேல் போகவில்லை, போய்ப் பயனில்லை. சாம்சங் சி-டை தொகுதிகளில் பல, 1.35ஐத் தாண்டினால் முன்பு தேறிய வேகத்தில்கூடத் தேறாது. டைஃபூன் பர்னர் மென்பொருள் பெரும்பாலும் சிப்பின் அடையாளத்தைக் காட்டிவிடும். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) இருக்கும் 2.5 வோல்ட் விபிபி என்ற, ரேமின் இன்னொரு மின்வழங்கலின் அளவை நான் ஒருபோதும் தொட்டதில்லை, தொடத் தேவையும் இல்லை.

என் கவலையெல்லாம் புரொசசர் பக்கத்து வோல்டைப் பற்றித்தான். ரேம் கெட்டால் தொகுதியை மாற்றலாம், பலதுக்கு ஆயுட்கால உத்தரவாதம் இருக்கிறது. ரேமோடு பேசும் பகுதி புரொசசருக்குள் இருக்கிறது, அது போனால் புரொசசரே போய்விடும். 2008இல் நெஹாலம் புரொசசர்கள் வந்தபோதே டிடிஆர்3 ரேமுக்கு 1.65 வோல்டைத் தாண்ட வேண்டாம் என்று இன்டெல் எச்சரித்தது, புரொசசரைக் காப்பாற்றத்தான். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் சில எரிந்துபோன பிறகு, ஏஎம்டி எஸ்ஓசி வோல்டை (புரொசசருக்குள் ரேமோடு பேசும் பகுதிக்குப் போகும் வோல்ட்) 1.3க்குள் கட்டுப்படுத்தியது. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி போன்றது) போட்டுவிட்டு மற்றதெல்லாம் ஆட்டோ என்று விட்டால், சில மதர்போர்டுகள் இந்த வோல்டைத் தேவைக்கு அதிகமாக ஏற்றிவிடும். என்னுடையதில் எஸ்ஓசி 1.1 வோல்ட், கையால் போட்டது. 3600 வேகத்துக்கும் அதனோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும் 1800 எஃப்கிளாக்கிற்கும் (புரொசசரின் உள் இணைப்பின் வேகம்; 3600 ரேமின் கடிகாரமும் 1800தான்) அது தாராளம். ஏஎம்4இல் (என் புரொசசர் பொருந்தும் சாக்கெட் வகை) 1.2ஐ நான் எல்லையாக வைப்பேன். எல்லையை ஒட்டி ஓட்டவும் மாட்டேன்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டு மின்சாரம் 230இலிருந்து கொஞ்சம் இறங்கி ஏறினால் ரேம் வோல்ட் ஆடாது; பவர் சப்ளையும் மதர்போர்டின் சீராக்கியும் அதைப் பார்த்துக்கொள்ளும். 2022இல் நீண்ட மின்வெட்டுகள் இருந்த காலத்தில் வேறு ஒன்றைக் கண்டேன். மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தால், மதர்போர்டில் உள்ள சின்ன சிமாஸ் பேட்டரி பழசானால் அதனால் பயோஸ் அமைப்பைத் தாங்க முடியவில்லை. வோல்ட், டைமிங் எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி வைக்கும் வீடுகளிலும் இதே கதைதான். சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், அமைப்பை பயோஸிலேயே ஒரு புரொஃபைலாகச் சேமித்து வையுங்கள். யுபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் வேலை செய்ய வேண்டாம்.

சோதனையை மத்தியானம் செய்யுங்கள். இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடித் தேறியது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது குளிர்ந்த அறையின் தீர்ப்பு. நான் டெஸ்ட்மெம்5 என்ற சோதனை மென்பொருளை அன்டா777 எக்ஸ்ட்ரீம் என்ற கடுமையான அமைப்போடு, வெயில் ஏறிய நேரத்தில், ஜன்னல் வழக்கம்போல் இருக்க ஓடவிடுவேன். கூடவே கிராஃபிக்ஸ் கார்டையும் வேலை வாங்குவேன். இது முக்கியம். தனியே சோதிக்கும்போது என் ரேம் 46 பாகைக்குள் நிற்கும். கார்டு சூட்டைக் கக்கும்போது 53 வரை போகும். உண்மையான வேலையில் இரண்டும் சேர்ந்துதான் ஓடும். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ரேமின் வெப்பநிலை தெரியாத தொகுதி என்றால், அதை 1.4க்கு மேல் ஏற்ற நான் சொல்லமாட்டேன். சோளகக் காலத்தில் புழுதி கேஸின் வலையை அடைத்துவிடும், அப்போது இந்த எண்கள் இன்னும் ஏறும். துடைத்துவிட்டுத்தான் வோல்டைக் குறை சொல்ல வேண்டும்.

இத்தனையும் செய்து என்ன கிடைத்தது என்றால், ஏற்றுமதி நேரத்தில் சில நிமிடங்கள், டைம்லைனில் கொஞ்சம் வழுக்கல். எனக்கு அது போதும், தினமும் அதே வேலைதானே. எடிட்டிங்கோ விளையாட்டோ இல்லாத கணினிக்கு எக்ஸ்எம்பி 1.35இலேயே விட்டுவிடலாம்.

டிடிஆர்5க்கு மாறுபவர்களுக்கு ஒன்று. அதன் அடிப்படை 1.1 வோல்ட், ஆனால் வோல்டைச் சீராக்கும் பிஎம்ஐசி இப்போது ரேம் தொகுதியின் மேலேயே இருக்கிறது. அந்தச் சூடும் சிப்புகளின் பக்கத்திலேயே சேரும். இங்கே ஏசி இல்லாத அறையில் நான் கட்டினால் 1.35க்குள் நிறுத்துவேன், ரேமுக்கு நேரே ஃபேன் வைத்த பிறகுதான் 1.4ஐ யோசிப்பேன்.