டாட்டூ மை: கறுப்பா, சிவப்பா, நீலமா?

எந்த நிறத்தைக் குத்தினாலும் தோலுக்குள் முதலில் நடப்பது ஒன்றேதான். ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை இறக்குகிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமி நுழைந்துவிட்டதாக எண்ணி மைத்துகளை விழுங்கிவிடும். விழுங்கினாலும் செரிக்க முடியாது. அந்தச் செல் செத்தால் துகள் வெளியே வரும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை மறுபடி விழுங்கும். 2018-ல் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். டாட்டூ அழியாமல் நிற்கும் ரகசியம் இதுதான். கொஞ்சம் துகள் நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேரும். இதுவரை எல்லா நிறமும் சமம்.

சிவப்பில்தான் கணக்கு மாறுகிறது. முன்பு அதில் பாதரசம் கலந்த சாதிலிங்கம் இருந்தது, இப்போது பெரும்பாலும் அசோ எனப்படும் செயற்கைச் சாயங்கள். அலர்ஜியில் முதலிடம் இன்றும் சிவப்புக்கே. ரோஜா குத்தியவர் கையைப் பாருங்கள்: இதழ்கள் மட்டும் தடித்து அரிக்கும், ஒட்டியே இருக்கும் கறுப்புக் கோடு சமர்த்தாகக் கிடக்கும். அதுவும் குத்திய மறுநாளே வராது, மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து வரும். 'சின்னப் புள்ளி வைத்துப் பார்த்துவிடலாம்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பி இறங்காதீர்கள். அலர்ஜியைக் கிளப்புவது தோலுக்குள் சாயம் சிதைந்து உண்டாகும் பொருளாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதனால் அலர்ஜி வந்தவர்களுக்கே, பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் பல நேரம் ஒன்றும் தெரிவதில்லை.

கறுப்பு என்பது கார்பன். நம் பாட்டிமார் பச்சை குத்திக்கொண்டதும் விளக்குக் கரியில்தான். கார்பன் எளிதில் சிதையாது. ஆனால் கரியோடு சேர்ந்து வரும் பிஏஎச் வேதிப்பொருள்களில் சில புற்றுநோய்க் காரணிகள். டாட்டூவால் தோல் புற்றுநோய் வரும் என்று நிறுவப்படவில்லை என்றாலும், மலிவு மை வாங்காமலிருக்க இந்த ஒரு காரணம் போதும். துகள்கள் திரண்டு சிறு முண்டுகள் எழும்புவதும் கறுப்பில் உண்டு.

நீலமும் பச்சையும் பெரும்பாலும் செம்பு கலந்த தாலோசயனின் என்ற நிறமி. சிவப்பளவு தொல்லை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, மாற்று இல்லையென்று நீலம் 15:3, பச்சை 7 என்ற எண் கொண்ட இரு நிறமிகளுக்கும் ஓராண்டு அவகாசம் கூடுதலாகத் தந்தது.

அழிக்கும் நாள் வந்தால்? கறுப்பு எல்லா லேசருக்கும் இணங்கும். பச்சைக்குத் தனி அலைநீளம் வேண்டும். வெள்ளையும் அது கலந்த ரோஸும் லேசர் பட்டுக் கறுத்துப்போவதும் உண்டு, டைட்டானியம் டையாக்சைடின் வேலை அது.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது தற்காலிகக் 'கறுப்பு மருதாணி'யை. அதில் கலக்கும் பிபிடி என்ற ஹேர் டை சாயப்பொருள் கொப்புளம் கிளப்பும், அதன்பின் ஆயுசுக்கும் ஹேர் டை ஆகாமல் போகலாம்.

குத்தியே தீருவேன் என்பவர்களுக்கு என் ஓட்டு கறுப்புக்கே. ஏற்கெனவே சிவப்பு குத்தி அது அரிக்கிறதென்றால் நேரே லேசர் கடைக்குப் போகாதீர்கள். உடையும் சாயம் உடம்பு முழுக்க அலர்ஜியைக் கிளப்பக்கூடும், முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.