ஃபீனிக்ஸில் நர்ஸ் பிராக்டிஷனர் நடத்தும் கிளினிக்: அம்மாவுக்குக் கிடைத்த கவனிப்பு

சர்க்கரை நோயுள்ள என் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தபோது, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வீட்டருகே நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவரே நடத்தும் கிளினிக்குக்கு அவரை மூன்று முறை அழைத்துச் சென்றேன். டாக்டர் இல்லாத இடமா என்று முதலில் அவர் தயங்கினார்.

செவிலியராகத் தேர்ந்து, அதற்கு மேல் முதுகலையோ முனைவர் படிப்போ முடித்த நர்ஸ் பிராக்டிஷனர்கள், நோயைக் கண்டறிந்து, பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்து, மருந்தும் பரிந்துரைக்கிறார்கள். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைநல மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த பணி இது. அரிசோனாவில் மருத்துவரின் மேற்பார்வையின்றி இவர்கள் தனித்து இயங்கலாம். டெக்சாஸில் மருந்து எழுத மருத்துவர் ஒருவருடன் ஒப்பந்தம் வேண்டும்.

முதல் நாளே அந்த நர்ஸ் பிராக்டிஷனர் அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்குகளைப் பார்த்து, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி தெரிகிறதா என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டார். காலையில் எத்தனை இட்லி, எத்தனை மணிக்கு என்று விசாரித்த பிறகே மாத்திரையின் அளவுக்கு வந்தார். ஊரில் இத்தனை ஆண்டுகளில் யாரும் அம்மாவின் பாதத்தைப் பார்த்ததில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். நாடித்துடிப்பில் சந்தேகம் எழுந்தபோது, தாமே சமாளிக்க முயலாமல் அன்றே இதயநோய் நிபுணரிடம் அனுப்பினார்.

குறை ஒன்றுண்டு: கட்டணத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. காப்பீடின்றி வரும் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், வரவேற்பறையில் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே செல்லுங்கள்.