பொழுதோட ஒரு வாய்: ஃபில்டர் காபியா, பேக்கரி டீயா?

காபிக்கொட்டையில் பீபெர்ரி ரகம் பாதி, பிளாண்டேஷன் ரகம் பாதி, சிக்கரி வேர்த்தூள் கொஞ்சம் என்று கடையில் நின்று அரைத்து வாங்கி வரும் ஆள் நான். அப்படிப்பட்டவன் போன ஆடியிலிருந்து பொழுதோட, அதாவது சாயங்காலம், குடிக்கிற காபியை விட்டுவிட்டு, திருப்பூரில் எங்கள் கம்பெனிக்கு எதிரே உள்ள பேக்கரியில் டீ குடிக்கிறேன். "ஏனுங்க, வீட்டுல சண்டைங்களா?" என்று டீ மாஸ்டரே கேட்டுவிட்டார். சண்டை இல்லை, தூக்கம்தான் காரணம்.

ருசியில் காபிதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. காசு, கழுவும் வேலை இரண்டிலும் டீ. ஊர்ப்பாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. சேலத்துக்காரருக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் இருக்கிறது. பொள்ளாச்சிக்காரர் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறையில் தேயிலை.

எனக்கு முடிவைச் சொன்னது ராத்திரிக் கணக்கு.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும்போதுதான் கண் சொக்கும். காபியிலும் டீயிலும் இருக்கும் காஃபின் பார்வைக்கு அதே ஜாடை. முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரி. தூக்கம் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடவில்லை, நின்றுகொண்டே வருகிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும்.

அந்தத் துண்டு எவ்வளவு நேரம் கிடக்கும்? குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். வீட்டு டபராக் காபியில் 100 மில்லிகிராம், பேக்கரி டீயில் 40 என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். தூளும் போடுகிற கையும் மாறினால் கணக்கும் மாறும். மாலை 6 மணிக்குக் காபி குடித்தால் 11 மணிக்கு 50 மிச்சம். அதாவது படுக்கப் போகும்போது ஒரு முழு டீ குடித்ததற்கும் மேலே. விடிகாலை 4 மணிக்கும் 25 பாக்கி. அதே 6 மணிக்கு டீ என்றால் 11 மணிக்கு 20தான்.

நான் படுத்ததும் தூங்கிவிடுகிற ஆள். அதனால் காபி மேல் சந்தேகமே வரவில்லை. ரெண்டரைக்கு விழிப்பு வரும், அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு அடுத்த நாள் ஷிப்மெண்ட்டை நினைத்துக்கொண்டு கிடப்பேன். 2013இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்தும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. 400 என்பது நாலு டபரா, பொழுதோட யாரும் அவ்வளவு குடிப்பதில்லை. ஆனாலும் என் ரெண்டரை மணிக்கு அதுதான் முதல் துப்பு.

எல்லாருக்கும் இதே கதை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ஒன்பதுக்கு வரக்காபி குடித்துவிட்டுக் குறட்டை விடும் பெரியப்பா எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவர் பீடி குடிப்பவர். புகை பிடிப்பவர்களின் கல்லீரல் காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நேர்மாறாக, ரொம்ப நேரம் தங்கும்.

காபிக்காரர்கள் நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். சிக்கரியில் காஃபினே கிடையாது, கறுப்பும் கசப்பும்தான் அதன் வேலை. ரொபஸ்டா என்ற கொட்டை கலந்த தூள்தான் ஆளைத் தூக்கும். இன்னொரு வகைக் கொட்டையான அரபிகாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின் அதில்.

டீயின் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் பத்தரைக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று, யாராவது பார்ட்டி வந்தால் ஒன்று, பிறகு மாப்ள கூப்பிட்டான் என்று ஒன்று. இப்படியே போய், நாள் முடிவில் எண்ணிப் பார்த்தால் ஆறு. கணக்குப் போட்டால் ரெண்டரை டபராக் காபி ஆகிவிடுகிறது. கூடவே தேங்காய் பன். சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் டீ கெடுக்கும். தேயிலையில் இருக்கும் தியானின் மனசை அமைதிப்படுத்தும் என்கிறார்கள். எனக்கு அமைதி வந்தது டீயாலா, ஒழுங்காகத் தூங்கியதாலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாற நினைப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் வாரம் வீம்புக்குக் காலைக் காபியையும் சேர்த்து விட்டேன். மறுநாள் மத்தியானம் நெற்றிப்பொட்டில் பிடித்த வலி மூன்று நாள் விடவில்லை. காஃபின் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். திடீரென்று அது வராமல் போனால் குழாய்கள் விரிந்து தலை விண்விண்ணென்று தெறிக்கும். நாலாம் நாள் காலைக் காபியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். இன்றைக்கும் வெள்ளென எழுந்ததும் அதே பித்தளை ஃபில்டர்தான்.

மாமியார் வீட்டில்தான் இந்தக் கணக்கு செல்லாது. கோபியில் போய் இறங்க ஏழாகும். "மாப்பிள்ளைக்கு ஸ்ட்ராங்கா இருக்கோணும்" என்று நுரை தளும்ப டபரா வந்துவிடும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும். குடித்துவிட்டு, ரெண்டரைக்கு எழுந்து அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.