மலைத்தேன்: வியாபாரிக்கா, சொந்த நிறுவனத்துக்கா?

நீலகிரியில் இருளரும் குறும்பரும் எடுக்கும் மலைத்தேனை வியாபாரியிடம் கொடுத்தால் கையில் உடனே காசு. விலை மட்டும் அவர் வைத்ததுதான். அடையை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கவும் மாட்டார்.

கோத்தகிரியில் 2013-ல் தொடங்கிய ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர்களே பழங்குடியினர். தரம் பார்த்து வாங்கும் இடத்தில் எடுக்கும் முறையும் கணக்கில் வரும். பெருந்தேனீ அடையின் மேல்பக்கம் தேன், கீழே தேனீயின் இளம்புழு. தேன் பகுதியை மட்டும் அறுத்தால் கூட்டம் பிழைக்கும். அப்புறம், பிழியாமல் வடிகட்டிய தேனில் புழுச்சாறு கலக்காது, சீக்கிரம் புளிக்காது.

என் ஓட்டு நிறுவனத்துக்கே. ஆனால் அவசரத்துக்கு முன்பணம் என்றால் வியாபாரிதான் இன்னும் முந்துகிறார். மழைமாதக் கைமாற்றுக்கு வேறு வழி இருந்தால் பலர் அவரிடம் போகவே மாட்டார்கள்.